பாறையையும் மணலையும் ஐசிபி-யில் கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் புவியியல் மாணவர்கள் சாம்பிள் பைகளோடு ஆய்வகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். சாம்பிளில் எந்தத் தனிமம் எவ்வளவு என்று ஐசிபி கருவியில் அளக்கத்தான். திருவக்கரைச் செம்மணற்கல், தேவனாம்பட்டினம் கடற்கரை மணல், செஞ்சிப் பக்கத்துக் கிரானைட் என்று பை மாறுகிறது. தவறுகள் மாறவில்லை; எங்கள் தலைமுறை செய்ததையே செய்கிறார்கள். குடுவையைச் சரியாகக் கழுவாதது, நீர்த்தல் கணக்கில் ஒரு சுழியை விட்டது போன்றவற்றை நான் இங்கே எடுக்கவில்லை. அவை சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். படாமலே ஆய்வேடு வரை போய்விடுகிறவைதான் ஆபத்து.

கரைசல் தெளிந்ததும் எல்லாம் கரைந்துவிட்டதாக நினைப்பது

ஐசிபி-ஓஇஎஸ் கருவிக்குள் போவது கரைசல் மட்டும்தான். 6,000 முதல் 10,000 கெல்வின் வரை சூடேறிய ஆர்கான் பிளாஸ்மாவில் கரைசலில் உள்ள அணுக்கள் கிளர்ந்து, ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய அலைநீளங்களில் ஒளியை உமிழ்கிறது. அந்த ஒளியைக் கருவி அளக்கிறது. பீக்கரின் அடியில் தங்கிவிட்ட துகளைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

கடலூர்க் கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் கரும்பட்டைகளைப் பார்த்திருப்பீர்கள். இல்மனைட், கார்னெட், சிர்க்கான் போன்ற கனமான கனிமங்கள் அவற்றில் சேர்ந்து கிடக்கும். ஒரு மாணவி அந்த மணலை டெஃப்லான் பீக்கரில் எடுத்து, ஹைட்ரோஃபுளோரிக் (எச்எஃப்), நைட்ரிக், பெர்குளோரிக் அமிலங்கள் சேர்த்து ஹாட் பிளேட்டில் வெண்புகை வரும்வரை சூடாக்கியிருந்தார். கரைசல் தண்ணீர் மாதிரி இருந்தது. சிர்க்கான் கனிமத்தில் உள்ள தனிமமான சிர்க்கோனியம் குறைவாக வந்தது. "இந்தக் கரையில் சிர்க்கான் மிகக் குறைவு" என்று எழுதி, மணல் எந்தப் பாறையிலிருந்து வந்தது என்பது வரை ஒரு முழு அத்தியாயம் தயாராகிவிட்டது. வழிகாட்டியும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்.

மீதி வைத்திருந்த பீக்கரைச் சன்னல் பக்கம் கொண்டுபோய் மெல்லச் சாய்த்துப் பார்த்தோம். அடி விளிம்பில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு மினுங்கியது. அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் நிறமற்றவையும் இளஞ்சிவப்புமாகச் சின்னச் சின்னப் பட்டகங்கள், முனை கூட மழுங்காமல். அத்தனையும் சிர்க்கான். குறுகிய அலை புற ஊதா விளக்கை அடித்ததும் பல துகள்கள் மஞ்சளாக ஒளிர்ந்தன.

கணக்குப் போட்டால் இன்னும் வயிறு எரியும். சிர்க்கானின் எடையில் கிட்டத்தட்ட பாதி சிர்க்கோனியம். 0.2 கிராம் சாம்பிளில் வெறும் 0.2 மில்லிகிராம் சிர்க்கான் கரையாமல் நின்றால், 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) அளவுக்குச் சிர்க்கோனியம் கணக்கிலிருந்து காணாமல் போகும். அதோடு ஹாஃப்னியமும் போகும், கன அருமண் தனிமங்களில் (இட்டெர்பியம் போன்றவை) ஒரு பங்கும் போகும். குரோமைட் இருந்தால் குரோமியம், ரூட்டைல் இருந்தால் டைட்டானியம், இதே கதைதான்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது, வழக்கமான சோதனைகள் எல்லாவற்றிலும் இந்தத் தவறு தேறிவிடுவது. ஒரே சாம்பிளை இரண்டு முறை கரைத்தால் இரண்டு முறையும் அதே சிர்க்கான்தான் அடியில் நிற்கும். எண்கள் அழகாக ஒத்துப்போகும். ஸ்பைக் (தெரிந்த அளவு தனிமக் கரைசல்) சேர்த்தால் அது ஏற்கெனவே கரைந்த நிலையில்தான் போகிறது, முழுசாகத் திரும்பி வரும். ரெஃபரன்ஸ் பாறையும் (தனிம அளவுகள் முன்பே தெரிந்த ஒப்பீட்டுப் பாறைப் பொடி) காப்பாற்றாது. பலரும் எடுப்பது ஹவாய் எரிமலைப் பாறையான பிஎச்விஓ-2. அதில் சுமார் 172 பிபிஎம் சிர்க்கோனியம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாறையில் அது எளிதில் கரையும் நிலையில் இருப்பதால் சரியான எண் வந்துவிடும். மாணவரும் நிம்மதியாகிவிடுவார். கிரானைட் அல்லது மணல் என்றால் சிர்க்கான் உள்ள ரெஃபரன்ஸையே எடுக்க வேண்டும். உதாரணமாக ஜி-2 கிரானைட்டில் சுமார் 309 பிபிஎம். அதை உங்கள் முறையில் கரைத்து எவ்வளவு வருகிறது என்று பாருங்கள்.

சரி, வழி என்ன? லித்தியம் மெட்டாபோரேட் ஃபியூஷன், அதாவது அந்த உப்பை ஃப்ளக்ஸாக (உருக்கத் துணையாக) சேர்த்துப் பாறைப் பொடியை உருக்குவது. 0.1 கிராம் பொடியோடு 0.5 கிராம் ஃப்ளக்ஸ் கலந்து, கிராஃபைட் குருசிபிளில் (உருக்கும் கிண்ணத்தில்) சுமார் 1,000 டிகிரி செல்சியஸில் உருக்கி, உருகிய மணியை 5 சதவீத நைட்ரிக் அமிலத்தில் கொட்டிக் கலக்கினால் சிர்க்கானும் இறங்கிவிடும். கரைசலில் உப்பு அதிகம் என்பதால் நெபுலைசர் (கரைசலைத் தூவலாக்கும் பாகம்) அடைத்துக்கொள்ளும். நன்றாக நீர்க்க வேண்டும். ஸ்டாண்டர்டுகளிலும் (அளவு தெரிந்த கரைசல்கள்) பிளாங்கிலும் (சாம்பிள் சேர்க்காத கரைசல்) அதே அளவு ஃப்ளக்ஸ் இருக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே அடுத்த பிழை. அமில முறையை விட முடியாதவர்கள், குறைந்தது மீதியை சென்ட்ரிஃபியூஜ் செய்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்காமல் "முழுக் கரைப்பு" என்று எழுத வேண்டாம்.

ஒரே அலைநீளத்தை நம்புவது

கோபால்ட்டின் 228.616 நானோமீட்டர் கோட்டின் (அது ஒளி உமிழும் அலைநீளங்களில் ஒன்று) மேலேயே டைட்டானியத்தின் 228.618 உட்கார்ந்திருக்கிறது. இல்மனைட் நிறைந்த நம் மணலில் இல்லாத கோபால்ட் இருப்பதுபோல் வரும். செம்மண்ணில் இரும்பு, காட்மியத்தின் 214.438 கோட்டில் இதையே செய்யும். ஈயத்தின் 220.353-இல் அலுமினியம். ஒவ்வொரு தனிமத்துக்கும் இரண்டு கோடுகளாவது எடுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி போட்டு மறைக்காதீர்கள். தூய டைட்டானியக் கரைசலை மட்டும் ஓட்டி, கோபால்ட் "தெரிகிறதா" என்று பாருங்கள். கொஞ்ச நேர வேலைதான், சந்தேகம் தீர்ந்துவிடும்.

இட்ரியத்தை இன்டர்னல் ஸ்டாண்டர்டாகச் சேர்ப்பது

எல்லாக் கரைசலிலும் ஒரே அளவு சேர்த்து, கருவியின் ஏற்ற இறக்கத்தைத் திருத்த உதவும் தனிமம்தான் இன்டர்னல் ஸ்டாண்டர்ட். இட்ரியம் தண்ணீர் சாம்பிளுக்கு நல்லது. பாறையில் இட்ரியம் இயற்கையாகவே இருக்கிறது, கார்னெட்டில் இன்னும் தாராளமாக. சாம்பிளின் சொந்த இட்ரியமும் சேர்ந்து சிக்னல் உயரும், திருத்தம் மற்ற எல்லாத் தனிமங்களையும் கீழே இழுத்துவிடும். ஸ்காண்டியத்துக்கும் இதே பிரச்சினை உண்டு. முதலில் எதுவும் சேர்க்காத கரைசலில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்துவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அரைக்கும் கிண்ணத்தை மறப்பது

கிண்ணம் டங்ஸ்டன் கார்பைடு என்றால் அதிலிருந்து பொடிக்குள் டங்ஸ்டனும் கோபால்ட்டும் வரும். எஃகு என்றால் இரும்பு, குரோமியம். எதில் அரைத்தோம் என்று நோட்டில் எழுதுங்கள்.

திறந்த பீக்கரில் எச்எஃப் ஊற்றிவிட்டு சிலிக்கா கேட்பது

சிலிக்கன் டெட்ராஃபுளோரைடாக ஆவியாகிப் போய்விட்டது.

சல்ஃபைடு தாதுவை பிளாட்டினம் குருசிபிளில் உருக்குவது

குருசிபிள் போச்சு.

கால்சியம் குளுக்கோனேட் ஜெல் இல்லாமல் எச்எஃப் பாட்டிலைத் திறப்பது

கூடாது. எச்எஃப் தோலில் பட்டால் முதலுதவியாகத் தடவுவது அந்த ஜெல்தான். அது கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், அதன் காலாவதித் தேதியையும் பார்த்திருக்க வேண்டும்.