நூல் குடோனில் பஞ்சுத் தூசி அடங்கிய விதம்

திருப்பூரில் எங்கள் நூல் குடோனைக் கூட்டிவிட்ட மறுநாளே மூட்டைகள் மேல் வெள்ளையாகப் பஞ்சு படிந்துவிடும். தூசி தரையில் இல்லை. கூரை ஆங்கிளிலும் டியூப்லைட் பட்டியிலும் உட்கார்ந்திருந்தது. ஃபேன் போட்டால் கொட்டும்.

முதலில் வந்த கிளீனிங் கம்பெனி போனிலேயே சதுர அடிக்கு ரேட் சொன்னது. ஆட்கள் கம்ப்ரஸர் வைத்துக் காற்றடித்தார்கள். பறந்த பஞ்சு ஸ்விட்ச் போர்டுக்குள் போனது. தீப்பிடிக்க ஒரு பொறி போதாதா? பாதியிலேயே அனுப்பிவிட்டேன்.

அப்புறம் நேரில் வந்து பார்க்காதவர்களிடம் ரேட்டே கேட்கவில்லை. ஒரு சூப்பர்வைசர் வந்ததும் அண்ணாந்து பார்த்தார். "மேல முடிக்காம கீழ கை வைக்க மாட்டோங்க" என்றார். அவருக்கே வேலையைக் கொடுத்தேன். மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி, குடோன் மெயினை அணைத்து, வெளியிலிருந்து லைன் இழுத்து, நீளக் குழாய் மாட்டிய வேக்குவத்தால் உறிஞ்சினார்கள். பிறகு ரேக், கடைசியில் தரை. தண்ணீர் மட்டும் கூடாது என்று கறாராகச் சொல்லியிருந்தேன். ஈரம் பட்ட நூலை அப்புறம் யார் வாங்குவார்கள்? ஏணி ஏறுபவர்களுக்கு பெல்ட், ஹெல்மெட் கட்டாயம் என்று ஒர்க் ஆர்டரிலேயே எழுதிக்கொண்டேன்.

பில் கொஞ்சம் கூடத்தான். இப்போது கூரைக்கு மட்டும் அவர்கள். தரையை நம்ம ஆட்களே பார்த்துக்கொள்கிறார்கள்.