ரைலே பாறையில் பல பிட்ச் ஏறும்போது செய்யக் கூடாத தவறுகள்

தாய்லாந்தின் கிராபி மாகாணத்தில் ரைலே, டொன்சாய் என்று அடுத்தடுத்து இரண்டு கடற்கரைகள். படகு கரையை நெருங்கும்போதே, மெழுகு உருகி வழிந்து உறைந்த மாதிரி கல்விழுதுகள் தொங்கும் சுண்ணாம்புப் பாறைகள் தலைக்கு மேல் எழுந்து நிற்கும். ஒரு கயிற்று நீளத்தில் முடியாத பாறையைக் கட்டம் கட்டமாக ஏறுவதைத்தான் பல பிட்ச் ஏற்றம் என்கிறோம். முன்னால் போகிறவர் 25, 30 மீட்டர் ஏறி, பாறையில் கயிற்றைக் கட்டும் உறுதியான பிடிப்பான ஆங்கரில் தன்னைக் கட்டிக்கொண்டு, கூட்டாளியை மேலே வரவழைப்பார். அங்கிருந்து அடுத்த பிட்ச்.

முதல் முறை வருபவர்கள் ‘அந்தப் பாதை எவ்வளவு கடினம்?’ என்றுதான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் ஏறும் கடினத்தால் வந்த தொல்லை குறைவு. நிற்கும் இடத்திலும் இறங்கும்போதும்தான் தவறுகள் நடக்கின்றன.

பெரிய தவறு, கயிற்றைக் கோப்பதற்காகப் பாறையில் பதித்திருக்கும் பளபளக்கும் போல்ட்டை நம்புவது. எவர்சில்வர் துருப்பிடிக்காது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். கடலோரச் சுண்ணாம்புப் பாறையில் அந்த நம்பிக்கை செல்லாது. கடல் உப்பில் இருக்கும் குளோரைடு, வெப்பம், ஈரம், உலோகத்துக்குள்ளேயே இருக்கும் இழுவிசை எல்லாம் சேர்ந்து மயிரிழை விரிசல்களை உண்டாக்கும். வெளியே லேசான பழுப்புக் கறைதான் தெரியும், சில சமயம் அதுகூடத் தெரியாது. படகுகளுக்கு ஏற்றது என்று சொல்லப்படும் 316 ரக எவர்சில்வரே இங்கே சில ஆண்டுகளில் முறிந்திருக்கிறது. அதனால்தான் ஏறுபவர்களின் நன்கொடையாலும் தன்னார்வலர்களின் உழைப்பாலும் பழைய போல்ட்டுகளை மாற்றி, பசை வைத்து ஒட்டும் டைட்டானியம் போல்ட்டுகளைப் பதித்து வருகிறார்கள். டைட்டானியம் மங்கலான சாம்பல் நிறத்தில் இருக்கும். வெளியே நட்டு தெரிகிறதென்றால் அது பழைய வகை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒட்டியிருப்பதெல்லாம் டைட்டானியம் ஆகிவிடாது, எவர்சில்வரையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். எந்தப் பாதை முழுக்க மாற்றப்பட்டது, எதில் பாதிதான் முடிந்தது என்பதைக் கரையில் இருக்கும் ஏற்றக் கடைகளில் முந்தைய நாளே கேட்டுவிடுங்கள். கையில் இருக்கும் வழிகாட்டிப் புத்தகம் பழைய பதிப்பாக இருக்கலாம்.

பாறைத் துளைகளில் கோத்துக் கட்டிய பழைய கயிறுகளும் அப்படித்தான். வெயில் பட்டு நிறம் வெளுத்து, தொட்டால் விறைப்பாக இருக்கும் கயிற்றில் இறங்காதீர்கள். 7 மில்லிமீட்டர் கயிறு ஐந்தாறு மீட்டரும் ஒரு சின்னக் கத்தியும் இடுப்பில் கட்டும் ஹார்னஸில் இருந்தால், அதே துளையில் புதிதாகக் கோத்துக்கொள்ளலாம்.

ஆங்கரில் நிற்கும்போது டைனீமா என்ற இழையில் செய்த பட்டை வளையமான ஸ்லிங்கால் மட்டும் கட்டிக்கொண்டு, அது தொய்வாகத் தொங்கும்படி ஆங்கருக்கு மேலே ஏறி நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த ஸ்லிங் நீளாது. சின்ன வீழ்ச்சியாக இருந்தாலும் முழு அதிர்ச்சியும் இடுப்பிலும் ஆங்கரிலும்தான் இறங்கும். ஏறும் கயிற்றையே ஆங்கரில் முடிச்சிட்டுக் கட்டிக்கொண்டால் அது கொஞ்சம் நீண்டு கொடுக்கும். லீட் செய்பவரும், அதாவது முன்னால் ஏறுகிறவரும், நிற்குமிடத்தை விட்டுக் கிளம்பியவுடன் முதல் போல்ட்டில் கயிற்றைக் கோத்துவிட வேண்டும். அதற்கு முன் விழுந்தால் தாங்குவதற்கு ஆங்கரைத் தவிர வேறெதுவும் இல்லை.

அப்புறம், கூப்பிட்டால் கேட்கும் என்று நினைப்பது. கீழே அலை, நடுவில் நீளவால் படகுகளின் இன்ஜின் சத்தம். ஒருவர் ஏறும்போது மற்றவர் கயிற்றைப் பிடித்துக் காப்பதுதான் பிலே. மேலே இருப்பவர் கத்தியது ‘பிலேயை எடுத்துவிடு’ என்றா, ‘கயிறு விடு’ என்றா என்று தெரியாது. ஊகம் செய்யாதீர்கள். சந்தேகம் வந்தால் பிலேயைக் கழற்றாமல் கயிறு முழுக்க மேலே போகும்வரை விட்டுக்கொண்டே இருங்கள். அது உங்கள் இடுப்பில் இறுகிய பிறகும் கொஞ்ச நேரம் காத்திருந்து கிளம்புங்கள். இதையெல்லாம் மணலில் நிற்கும்போதே பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

இறக்கத்துக்கு வருகிறேன். 60 மீட்டர் கயிற்றை ஆங்கர் வளையத்தில் கோத்து இரட்டையாகத் தொங்கவிட்டால் 30 மீட்டர்தான் இறங்க முடியும், 70 இருந்தால் 35. இந்தக் கணக்கைத் தவறவிட்டுக் கயிற்றின் முனையையும் தாண்டி இறங்கி விழுந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. அதனால் இரண்டு முனையிலும் முடிச்சு கட்டாயம். ரைலேயில் பாறை வெளியே சாய்ந்திருப்பதால், இறங்குகிறவர் சுவரைத் தொடாமல் அந்தரத்தில் தொங்குவார். முதலில் இறங்குபவர் வழியில் இருக்கும் போல்ட்டுகளில் கயிற்றைக் கோத்துக்கொண்டே போகாவிட்டால் அடுத்த ஆங்கர் கைக்கு எட்டாது. கயிற்றை இறுகப் பிடித்து நிறுத்தும் ப்ரூசிக் முடிச்சு போட்டுக்கொள்வதோடு, அதை வைத்துத் திரும்ப மேலே ஏறவும் தெரிந்திருக்க வேண்டும்.

ஒருமுறை டொன்சாயில் இரண்டாவது இறக்கம் முடிந்து கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். மறுமுனை கைக்கு எட்டாத உயரத்துக்குப் போன பிறகுதான் அதில் முடிச்சு அப்படியே இருப்பது கண்ணில் பட்டது. கட்டியவன் நான், அவிழ்க்க மறந்தவனும் நான். இன்னும் இழுத்திருந்தால் அது மேல் வளையத்தில் போய்ச் சிக்கியிருக்கும். கீழே கிடந்த கயிற்றில் நண்பர் தன்னைக் கட்டிக்கொள்ள, நான் பிலே கொடுத்தேன். இரண்டு ஆள் உயரம் ஏறி முடிச்சைப் பிடித்துக் கீழே கொண்டுவந்தார். ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து ‘முடிச்சு அவிழ்த்தாச்சு’ என்று ஒருவர் உரக்கச் சொல்லி, மற்றவர் இரண்டு முனையையும் கண்ணால் பார்த்த பிறகே இழுக்கிறோம்.

நேரக்கணக்கும் முக்கியம். டிசம்பரில் 6:15 வாக்கில் சூரியன் மறைந்துவிடும், இருட்ட அதிக நேரம் ஆகாது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கடைசி இறக்கம் இருட்டில்தான். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஒரு தலைவிளக்கு, ஹெல்மெட் இந்த மூன்றும் இல்லாமல் முதல் பிட்ச்சைத் தொடாதீர்கள். பையைக் கீழே விட்டுப் போனால் குரங்கு திறந்து பார்க்கும், சாப்பாட்டை உள்ளே வைக்காதீர்கள். கடல் ஏற்ற நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஏறினால் டொன்சாய்க்கும் ரைலேவுக்கும் நடுவே பாறையோரமாக நடந்து வரும் வழி மூழ்கிவிடும். அப்போது காட்டுப் பாதையைச் சுற்றித்தான் வர வேண்டும், அதற்கும் தலைவிளக்கு வேண்டும்.