கர்ப்பப்பை நார்க்கட்டி: ஸ்கேன் அறிக்கையைப் படிப்பதும் உதிரப்போக்கைக் கணக்கிடுவதும்

ஸ்கேன் எடுத்து வந்தவரிடம் என்னவென்று கேட்டால், "கர்ப்பப்பையில் கட்டியாம்" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் பதிலாக வரும். அந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கின்றன. சினைப்பையில் நீர் கோத்த பை போல வருவது நீர்க்கட்டி. கர்ப்பப்பையின் தசைச் சுவரிலேயே உருண்டு திரள்வது நார்க்கட்டி. மருத்துவர்கள் ஃபைப்ராய்டு என்பது இதைத்தான். நீர்க்கட்டிக்கென்று யாரோ சொன்ன கழற்சிக்காய்ப் பொடியை நார்க்கட்டி உள்ளவர் மாதக்கணக்கில் விழுங்குவதும், கட்டி என்றாலே புற்றுநோய் என்று வீடே உறக்கம் தொலைப்பதும் இந்தச் சொற்குழப்பத்தால் நேர்பவை. நார்க்கட்டி புற்றுநோய் அன்று. அதுபோல் தோன்றும் கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. 50 வயதை எட்டும் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குச் சிறிதாகவேனும் இது இருக்கிறது என்பதும், அவர்களில் பலர் அதை அறியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள் என்பதும் அச்சத்தைச் சற்றுத் தணிக்கலாம்.

அறிக்கையைக் கையில் எடுத்ததும் எல்லோருடைய கண்ணும் சென்டிமீட்டர் கணக்குக்கே போகும். அதற்கு முன் பார்க்க வேண்டியது, கட்டி எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் சொல். சப்மியூகோசல் என்றிருந்தால் கட்டி உட்சவ்வுக்கு அடியில் இருந்து கர்ப்பப்பையின் உள்ளறைக்குள் துருத்துகிறது என்று பொருள். இன்ட்ராம்யூரல் என்றால் சுவரின் நடுத் தசைக்குள் இருக்கிறது. சப்சீரோசல் என்றால் வெளிப்புறமாகப் புடைத்திருக்கிறது. உள்ளறைக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி ஒருவரைப் படுக்கையில் தள்ளும் அளவுக்கு உதிரப்போக்கைத் தரக்கூடும். வெளிப்புறத்தில் இருக்கும் 6 செ.மீ. கட்டியோ எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிடலாம், அல்லது சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி எழுந்து போக வைப்பதோடு நின்றுவிடலாம். ஆகவே மருத்துவரிடம் "எவ்வளவு பெரியது" என்று கேட்கும்போதே "உள்ளறையைத் தொடுகிறதா" என்றும் கேளுங்கள். என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விதான் முக்கியம்.

அடுத்த வேலை உதிரப்போக்கை அளப்பது. "நிறையப் போகிறது" என்று சொன்னால் மருத்துவருக்கு அளவு விளங்காது. 1990-இல் ஹிகாம் என்பவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் உருவாக்கிய எளிய மதிப்பெண் முறை ஒன்று இதற்கு உதவும். இலேசாகக் கறை பட்ட நாப்கினுக்கு 1, நடுத்தரமாக நனைந்ததற்கு 5, முழுதாக ஊறியதற்கு 20. சிறிய இரத்தக்கட்டி விழுந்தால் 1, பெரியது விழுந்தால் 5. சுவரில் தொங்கும் மாதக் காலண்டரின் கட்டத்திலேயே குறித்துக்கொண்டு வந்து, தீட்டு நின்றதும் கூட்டிப் பாருங்கள். இரண்டாம் நாள் ஒன்றில் மட்டும் முழுதாக ஊறிய நாப்கின் நான்கு, நடுத்தரமானவை மூன்று, பெரிய இரத்தக்கட்டி ஒன்று என்றால் 80, 15, 5 சேர்ந்து 100 ஆகிறது. ஒரு மாதவிலக்கு முழுவதற்குமான கூட்டுத்தொகை 100-ஐ எட்டினாலே அதை மிகை உதிரப்போக்கு என்று கொள்வார்கள். இங்கே ஒரே நாளில் அந்த எல்லை வந்துவிட்டது. மூன்று மாதக் குறிப்போடு போகிறவருக்குக் கிடைக்கும் ஆலோசனையே வேறு.

இந்த இழப்பு மெல்ல மெல்ல இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. ஆனால் சிறிது சிறிதாகக் குறைவதால் உடல் அதற்குப் பழகிப்போய், 7 கிராமோடு சமைத்து, வேலைக்கும் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டுவிடுவது நம் வீடுகளில் வழக்கம். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு சேர்த்து விழுங்கினால் அதில் பெரும்பகுதி உடலில் ஏறாது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு, எலுமிச்சைச் சாறோடு எடுத்துக்கொள்ளலாம். கால்சியம் மாத்திரை இருந்தால் அதை வேறு வேளைக்குத் தள்ளுங்கள். மலம் கறுத்துப் போவது கண்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். முருங்கைக்கீரையும் பேரீச்சையும் நல்லவையே, ஆனால் எந்த உணவும் கட்டியைக் கரைப்பதாக நிரூபிக்கப்படவில்லை.

மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஊறிக்கொண்டிருந்தாலோ, தலைசுற்றலும் படபடப்பும் சேர்ந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மாதவிலக்கு முற்றிலும் நின்ற பிறகு உதிரம் பட்டால் அதைப் பழைய கட்டியின் வேலை என்று விட்டுவிடக் கூடாது. உட்சவ்வைப் பரிசோதித்தே ஆக வேண்டும்.

தொல்லை இல்லாத கட்டிக்குச் சிகிச்சை தேவையில்லை. அவ்வப்போது ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும். உதிரப்போக்கு மட்டும் சிக்கல் என்றால் அந்த நாள்களில் மட்டும் விழுங்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. முன்பு இரத்தநாளத்தில் இரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். உள்ளறை சிதையாமல் இருந்தால் கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் கலந்த சாதனம் பல ஆண்டுகள் காக்கும். கட்டிக்குப் போகும் இரத்தநாளத்தை அடைத்து அதைச் சுருங்கவைக்கும் எம்போலைசேஷன் முறை 1995 முதல் மருத்துவ இதழ்களில் பேசப்படுகிறது. குழந்தை வேண்டுகிறவர்களுக்குக் கட்டியை மட்டும் அகற்றும் மயோமெக்டமி உண்டு. ஆனால் புதிய கட்டிகள் பின்னாளில் முளைக்கலாம், சுவரை ஆழமாகக் கீறியிருந்தால் பிரசவத்துக்குச் சிசேரியன் சொல்வார்கள்.

இத்தனை வழி இருந்தும், "குழந்தை பெற்று முடித்தாயிற்று, இனி கர்ப்பப்பை எதற்கு" என்ற வாக்கியம் உறவினர் வாயிலிருந்தும், சில நேரம் மருத்துவர் வாயிலிருந்தும் எளிதாக வந்துவிடுகிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பலருக்கு இள வயதிலேயே கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது 2019-இல் பெரும் செய்தியானது. தேவையற்ற கர்ப்பப்பை அகற்றலைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. உண்மையாகவே அகற்ற வேண்டிய நிலையும் வரும். அப்போது தயங்கத் தேவையில்லை. கையெழுத்துப் போடுமுன் இன்னொரு மகப்பேறு மருத்துவரிடமும் அறிக்கையைக் காட்டுங்கள். மாதவிலக்கு நிற்கும் வயது நெருங்கிவிட்டதென்றால், அதற்குப் பின் கட்டி தானே சுருங்கும் என்பதால், அதுவரை மருந்தோடு தள்ள முடியுமா என்று கேளுங்கள். சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கப் போகிறார்களா என்பதைக் கட்டாயம் கேட்டு எழுதி வாங்குங்கள். அவற்றை இள வயதில் இழந்தால் எலும்பு விரைவில் தேயும்.