குன்னூர் குளிருக்கு ஒரு ஸ்டாண்டு விளக்கு: வீட்டிலேயே செய்வது எப்படி?

மழைக்காலத்தில் குன்னூரில் மதியம் மூன்று மணிக்கே மூட்டம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் படிக்க, கூரையில் எரியும் ட்யூப் லைட் உதவாது. நாற்காலிக்குப் பக்கத்தில் தாழ்வாக நிற்கும் விளக்கு வேண்டும். கடையில் விற்கும் நவீன ஸ்டாண்டு விளக்குகள் பலவற்றுக்கு அடிப்பாகம் லேசு. பழைய மரத்தரையில் நடந்தாலே ஆடும். 1962ல் இத்தாலிய வடிவமைப்பாளர்களான காஸ்டிலியோனி சகோதரர்கள் வடிவமைத்த ஆர்கோ விளக்கின் அடியில் ஏறத்தாழ 65 கிலோ கராரா பளிங்கு இருக்கிறது. அதன் தண்டு வளைந்து வெகுதூரம் நீள்வதால் அவ்வளவு எடை. நேராக நிற்கும் நம் விளக்குக்கு 13 கிலோ கான்கிரீட் அடி போதும்.

அடியும் குழாயும்

அரை அங்குல ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் 4 அடி, மெதுவாக வளையும் ஒரு பெண்டு, பக்கவாட்டில் போக ஒரு சிறு துண்டுக் குழாய். ஹார்டுவேர் கடையில் திரெட் போட்டே தருவார்கள். எல்போ மலிவு என்று அதை வாங்காதீர்கள். அதன் உள்மூலை கூர்மையாகத் திரும்பும். மூன்று கோர் வயர் அங்கே சிக்கிக்கொண்டால் மேலே இழுத்தாலும் வராது, கீழே தள்ளினாலும் போகாது. கான்கிரீட் இறுகிய பிறகு அதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

ஆகவே கலவை ஊற்றும் முன்பே குழாய்க்குள் நைலான் கயிறு ஒன்றை விட்டு, இரண்டு முனையும் வெளியே தெரியும்படி முடிச்சுப் போடுங்கள். வாய்களைத் துணியால் அடைத்து டேப் சுற்றுங்கள். ஒரு அடி அகல பிளாஸ்டிக் பேசினின் பக்கத்தில் துளை போட்டு, சிறு குழாயின் நுனியை அதன் வழியே வெளியே விடுங்கள். குழாயை ரசமட்டம் வைத்து நிமிர்த்தி, 3 அங்குல உயரத்துக்குக் கலவை ஊற்றினால் எடை தானாக வந்துவிடும். நம் ஊர்க் குளிரில் சிமென்ட் மெதுவாகத்தான் இறுகும். ஒரு வாரம் ஈரச்சாக்கு போட்டு வைத்திருந்து, பிறகு பேசினை வெட்டி எடுங்கள்.

வயர்

0.75 சதுர மில்லிமீட்டர், மூன்று கோர், ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது. கயிற்றில் கட்டி இழுத்தால் வந்துவிடும். குழாயின் இரண்டு வாயிலும் ரப்பர் புஷ் கட்டாயம். இரும்பு விளிம்பு வயரை அறுத்துவிடும். பச்சை வயர்தான் எர்த்; அதை லக் (வயர் நுனியில் மாட்டும் உலோக வளையம்) வைத்துக் குழாயோடு போல்ட் போட்டு முறுக்குங்கள். சுவிட்ச் லைன் வயரில்தான் (மின்சாரம் வரும் வயர்) வர வேண்டும். வயர் சீவ ஸ்ட்ரிப்பரே நல்லது, பிளேடு செப்பு இழைகளையும் சேர்த்து வெட்டிவிடும். பிளக்கின் எர்த் பின்னுக்கும் குழாய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகே சாக்கெட்டில் செருகுங்கள்.

பல்பும் ஷேடும்

9 வாட் எல்.இ.டி., 2700 கெல்வின், அதாவது மஞ்சள் ஒளி. நீலவெள்ளையாக எரியும் 6500 வேண்டவே வேண்டாம். வெளியே மூட்டமும் உள்ளே நீலவெள்ளையும் சேர்ந்தால் அறை இன்னும் குளிரும். ஷேடின் கீழ்விளிம்பு தரையிலிருந்து 40–42 அங்குலத்தில், உட்கார்ந்தவரின் கண் மட்டத்தில் இருந்தால் பல்பு கண்ணைக் குத்தாது.

சிற்பி இசாமு நொகுச்சி 1951ல் தொடங்கிய அகாரி காகித விளக்குகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் இங்குள்ள ஈரத்தில் காகிதம் தொய்ந்து பூஞ்சை பிடிக்கும். பருத்தித் துணியே என் தேர்வு: நீலகிரியின் தோடர் பழங்குடிப் பெண்கள் எம்பிராய்டரி செய்த வெள்ளைத் துணி. முன்வரைவு இல்லாமல் இழைகளை எண்ணித் தைக்கும் வேலை அது. 2013ல் புவிசார் குறியீடும் பெற்றது. விளக்கைப் போட்டால் சிவப்பு, கறுப்பு நூல்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். ஷேடுக்காகத் தோடர் போர்வையை வெட்டாதீர்கள், மேசைவிரிப்பு அளவில் கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை: கோத்தகிரி வாசகர் ஒருவர், குழாயைத் தொட்டால் லேசாக ஷாக் அடிப்பதாக எழுதியிருந்தார். பழைய வீடுகள் சிலவற்றில் சாக்கெட்டில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் வயரே வந்திருக்காது. அப்படியானால் விளக்கைப் பயன்படுத்த வேண்டாம். எலக்ட்ரீஷியனை அழைத்து முதலில் எர்த் போட்டுக்கொள்ளுங்கள். அது முடியாத வாடகை வீடு என்றால், இரும்புக் குழாய்க்குப் பதிலாகத் தடித்த பி.வி.சி. கான்ட்யூட்டும் பிளாஸ்டிக் ஹோல்டரும் போட்டு இதையே செய்யலாம்.