ஏழாம் வாய்ப்பாட்டுக்கு ஓர் ஈர்க்குச்சி

ஏழாம் வாய்ப்பாடு வந்தாலே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் திணறுவார்கள். மனப்பாடம் செய்யச் சொல்லி விரட்டாதீர்கள். தரையில் புளியங்கொட்டைகளை 7 வரிசை, வரிசைக்கு 8 என்று நாற்று நடுவதுபோல வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது கொட்டையை ஒட்டி, மேலிருந்து கீழாக ஓர் ஈர்க்குச்சி. ஒரு பக்கம் 7×5=35, மறுபக்கம் 7×3=21. கூட்டினால் 56!

பிறகு பிள்ளையைப் பக்கவாட்டில் வந்து உட்காரச் சொல்லுங்கள். அதே கொட்டைகள் இப்போது 8 வரிசை, வரிசைக்கு 7. "அப்போ எட்டேழும் ஐம்பத்தாறுதானா?" என்று அதுவே கேட்கும். அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் இருப்பவர்கள் திருந்திய நெல் சாகுபடி வயலுக்கே கூட்டிப் போகலாம். அங்கே நெடுக்கிலும் குறுக்கிலும் ஒரே இடைவெளி விட்டு நடும் சதுர நடவு என்பதால் வரப்பில் நின்றபடியே நீளத்தில் 9 குத்து (நாற்று நட்ட இடம்), அகலத்தில் 6 குத்து என எண்ணிப் பெருக்கலாம்.