ஆழம் காட்டும் மீட்டர் வெறும் கோடு காட்டியபோது

மலேசியாவின் கேரித் தீவுச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, லங்காட் ஆற்றில் சின்னப் பாய்மரப் படகு ஓட்டுகிறேன். நீர் வற்றும் நேரத்தில் ஆழம் தெரியாமல் போனால் சேற்றில் உட்கார்ந்துவிடும். திடீரென்று மீட்டரில் எண்ணே வரவில்லை, வெறும் கோடுகள்தான்.

பேட்டரியை மாற்றினேன், வயரைப் பிரித்துப் பார்த்தேன். சேற்றுத் தண்ணீர்தான் காரணம் என்றார் ஒரு நண்பர். தெளிந்த நீரிலும் அதே கதை.

சென்சார் படகின் அடித்தட்டில், உட்புறம் ஒட்டியிருக்கிறது. அது கீழே ஒலியை அனுப்பி, ஆற்றின் அடியில் பட்டு எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும். ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும். நடுவே காற்று இருந்தால் அங்கேயே திரும்பிவிடும். கழற்றிப் பார்த்தால், பழைய பசைக்குள் மிளகளவு காற்றுக் குமிழிகள்! பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, சென்சாரை அதற்குள் விட்டு அடித்தட்டில் வைத்தேன். உடனே எண் வந்தது. அப்புறம் குமிழி விழாமல் எபாக்சி பசை ஊற்றி ஒட்டினேன். அப்பாடா!

சரிபார்க்க, பால் டின்னில் சிமெண்ட் நிரப்பிக் கயிறு கட்டினேன். ஒல்லியான ஈயக் குண்டு சேற்றில் புதைந்து ஆழத்தைக் கூட்டிக் காட்டும். டின்னின் அகன்ற அடி அவ்வளவாகப் புதையாது. நைலான் கயிறு ஈரத்தில் நீளம் மாறும், அதனால் நனைத்த பிறகே அளவு முடிச்சுப் போடுங்கள். கயிற்றில் 2.1 மீட்டர், மீட்டரில் 1.8. அந்த 30 சென்டிமீட்டர், நீர்மட்டத்துக்குக் கீழே சென்சார் இருக்கும் தூரம். மெனுவில் அதைச் சேர்த்ததும் இரண்டும் ஒத்துப்போயின.