பனிக்காலத்தில் கர்வால்: சாமி இறங்கி வந்த வழியில் ஒரு கார்ப் பயணம்

உத்தராகண்டின் கர்வால் மலைப்பகுதியில் உள்ள கேதார்நாத்தும் பத்ரிநாத்தும் கோடையில் மட்டுமே போகக்கூடிய இடங்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தீபாவளியை அடுத்துக் கேதார்நாத்தில் நடை சாத்தப்படுகிறது, நவம்பரில் பத்ரிநாத்திலும் சாத்திவிடுகிறார்கள். ஆனால் வழிபாடு ஒரு நாளும் நிற்பதில்லை. கேதாரநாதரின் ஐந்து முக உற்சவ மூர்த்தி பல்லக்கில் ஏறி, ராம்பூரிலும் குப்தகாசியிலும் தங்கி, உகிமட் வந்து சேர்கிறார். பத்ரிநாத்திலிருந்து கண்ணனின் தோழர் உத்தவரும் குபேரரும் பாண்டுகேஷ்வருக்கு வருகிறார்கள். ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமட் நரசிம்மர் கோயிலுக்குப் போகிறது. சித்திரை, வைகாசியில் மேலே நடை திறக்கும்வரை தரிசனம் இந்த ஊர்களில்தான்.

முதல்முறையாக இமயமலைக்குப் போகிறவர்களுக்கு நான் எப்போதும் இந்தக் குளிர்காலப் பாதையைத்தான் சொல்வேன். பனியும் உண்டு, பாடல்பெற்ற தலங்களும் உண்டு, கோடை யாத்திரையின் நெரிசல் இல்லை. சாமி தங்கியிருக்கும் ஊர்களைக் கோத்து வழி போட்டாலே பயணத்தின் பாதி வேலை முடிந்துவிடும். எப்படிப் போடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

நல்ல பனி வேண்டுமென்றால் ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடியும்வரை. தரிசனம்தான் முக்கியம், பனி தொலைவில் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு டிசம்பர் முதல் பாதி அருமையான காலம். வானம் தெளிந்திருக்கும், சாலையும் பெரும்பாலும் திறந்திருக்கும். மகா சிவராத்திரியை ஒட்டிப் போக முடிந்தால் உகிமட்டில் அன்று இருங்கள். அந்த ஆண்டு கேதார்நாத் நடை எந்த நாளில் திறக்கும் என்பதை அங்கே பஞ்சாங்கம் பார்த்து அறிவிப்பார்கள். ஊரே அந்தச் சொல்லுக்காகத் திரண்டு நிற்கும்.

2. வண்டி, ஓட்டுநர்

தில்லி வழியாக ரயிலில் ஹரித்வார், அல்லது விமானத்தில் டேராடூன். அங்கிருந்து வாடகை வண்டி. நீங்கள் எவ்வளவு ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறவராக இருந்தாலும், முதல் பனிக்காலப் பயணத்தில் ஸ்டியரிங்கை உள்ளூர் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சமவெளியில் பெற்ற அனுபவம் பனிக்கட்டி படிந்த கொண்டை ஊசி வளைவில் உதவாது.

பேசி முடிக்கும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். ஜனவரியில், பனிச்சறுக்கு நடக்கும் ஔலிக்கும் உயரத்தில் உள்ள சோப்தாவுக்கும் வண்டி ஓட்டியிருக்கிறாரா? டயருக்குப் போடும் சங்கிலி வண்டியில் இருக்கிறதா? டயரில் பட்டன் நன்றாக இருக்கிறதா? தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் நல்ல இடைவெளி உள்ள வண்டியாகக் கேட்டு வாங்குங்கள். நான்கு பேருக்கு ஆறு பேர் வண்டி எடுத்தால் மூட்டைகள் மடியில் ஏறாது. கூரைமேல் கட்டும் பெட்டிகள் பனியில் நனைந்துவிடும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

3. நாள் கணக்குப் போடுங்கள்

மலைச் சாலையில் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் என்றே கணக்கிடுங்கள். குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்கு இருட்டிவிடும், அதற்குள் அறைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர்தான், ஒரே நாளில் போய்விடலாம் என்று சிலர் சொல்வார்கள். போகலாம், ஆனால் வழியில் உள்ள எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். உடம்பும் உயரத்துக்குப் பழகியிருக்காது. நான் பரிந்துரைப்பது எட்டு நாள், அதற்குமேல் ஒரு நாள் சும்மா கையிருப்பாக.

4. முதல் நாள்: ரிஷிகேஷிலிருந்து ருத்ரபிரயாகை

சுமார் 140 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். எழுபதாவது கிலோமீட்டரில் தேவப்பிரயாகை. கோமுகத்திலிருந்து வரும் பாகீரதியும் பத்ரிநாத்தைக் கடந்து வரும் அலகநந்தாவும் இங்கே கூடிய பிறகுதான் ஆற்றுக்குக் கங்கை என்று பெயர். குளிர்காலத்தில் நீர் தெளிந்திருப்பதால் இரண்டு நிறங்களும் சேரும் கோடு கரையிலிருந்தே தெரியும். சங்கமத்துக்குமேல் உள்ள ரகுநாதர் கோயில்தான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். படிகள் செங்குத்தானவை, ஈரமாகவும் இருக்கும். சங்கமத்தில் நீராடுகிறவர்கள் அங்கே கட்டியிருக்கும் சங்கிலியை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள், நீரின் இழுப்பு அப்படி.

அடுத்து ஸ்ரீநகர். காஷ்மீரத்து ஸ்ரீநகர் வேறு, இது கர்வால் மன்னர்களின் பழைய தலைநகர். அதைத் தாண்டியதும் ஆற்றின் நடுவே தூண்கள்மேல் நிற்கும் தாரி தேவி கோயில். நீர்மின் திட்ட அணைக்காக 2013 ஜூனில் அம்மனை இடம் மாற்றியபோதுதான் கேதார்நாத் பெருவெள்ளம் வந்தது. உள்ளூர் மக்கள் இரண்டையும் சேர்த்தே பேசுவார்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேளுங்கள், அந்த வெள்ளத்தில் உறவினரை இழந்த குடும்பங்கள் இந்தப் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கின்றன.

இரவு ருத்ரபிரயாகையில் தங்குங்கள். மந்தாகினி அலகநந்தாவோடு கூடும் இடம். மறுநாள் காலை இங்கேயே டேங்கை நிரப்பி, ஏடிஎம்மில் பணம் எடுத்துவிடுங்கள். சோப்தாவில் பெட்ரோல் பங்க்கும் கிடையாது, ஏடிஎம்மும் கிடையாது.

5. இரண்டாம் நாள்: உகிமட்

மந்தாகினிக் கரையோடு வடக்கே போனால் அகத்தியமுனி என்றே ஒரு ஊர், அதில் அகத்தியருக்குக் கோயில். தமிழ்முனிவரை இங்கே வணங்காமல் கடந்துபோக எனக்கு மனம் வராது. அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

உகிமட் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓம்காரேஷ்வர் கோயிலின் வண்ணம் பூசிய மரவேலைப்பாட்டு வாசலைக் கடந்ததும் கல் பாவிய முற்றம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்து இறைவனுக்கும், மலைமேல் தனிக்கோயில் கொண்ட சிவன் மத்மகேஷ்வரருக்கும் குளிர்காலம் முழுவதும் பூஜை இங்கேதான். கூட்டம் இருக்காது. கோடையில் கேதார்நாத்தில் பல மணி நேரம் வரிசையில் நின்று சில நொடிகள் கும்பிடுகிறோமே, அதே சுவாமியின் முன் இங்கே அமர்ந்து ஒரு பதிகத்தை முழுதாகப் பாட முடியும். பாட்டை அச்சிட்டு எடுத்துப் போங்கள், குளிரில் செல்பேசி அணைந்துவிடும். கோயிலுக்குள்ளேயே பாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் திருமணம் நடந்த மண்டபம் என்று ஓர் இடத்தைக் காட்டுவார்கள்.

பாதங்களைப் பற்றி ஒரு சொல். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லில் கால் வைத்ததும் குளிர் எலும்புவரை ஏறும். கோயில் முற்றங்களுக்கென்றே தனியாக ஒரு ஜோடி தடித்த கம்பளிக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள். முற்றத்தில் அதோடு நடப்பதைப் பெரும்பாலும் யாரும் தடுப்பதில்லை. சன்னிதிக்கு முன் கழற்றிவிடுங்கள்.

நேரம் மிஞ்சினால் எதிர்க்கரையில் குப்தகாசி விஸ்வநாதர். இரவு உகிமட்டில்.

6. மூன்றாம் நாள்: சோப்தா, பனிக்கட்டிச் சாலை

இதுதான் கவனம் தேவைப்படும் பகுதி. உகிமட்டிலிருந்து சோப்தா சுமார் 30 கிலோமீட்டர், 2,600 மீட்டருக்கு மேலே. துகல்பிட்டாவைத் தாண்டியதும் தேவதாரும் ரோடோடெண்ட்ரான் மரங்களும் வெயிலை மறைத்துவிடும். வெண்பனி கண்ணுக்குத் தெரியும், அதனால் அதில் ஆபத்து குறைவு. பயப்பட வேண்டியது நிழல் வளைவுகளில் தார்மேல் கண்ணாடி போல் உறைந்திருக்கும் மெல்லிய பனிக்கட்டிக்கு. பார்த்தால் சாலை ஈரமாக இருக்கிறது என்றுதான் தோன்றும். அனுபவமுள்ள ஓட்டுநர் அப்படி ஒரு வளைவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய், ஷூவின் முனையால் தாரைத் தேய்த்துப் பார்ப்பார். கால் வழுக்கினால் அங்கேயே சங்கிலி மாட்டுவார். 'எதற்கு நேரத்தை வீணாக்குகிறீர்கள்' என்று அவரை அவசரப்படுத்தாதீர்கள்.

இந்தப் பகுதியைக் காலை பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் இடையில் கடக்க வேண்டும். வெயில் ஏறினால்தான் கட்டி இளகும், மூன்றரைக்குமேல் மறுபடி உறையத் தொடங்கும். சங்கிலி, எஞ்சின் விசை போகும் சக்கரங்களில்தான் மாட்ட வேண்டும். தார் வெளிப்பட்டதும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் சங்கிலியும் டயரும் சேர்ந்து கெடும். இறக்கத்தில் முதல் அல்லது இரண்டாவது கியர், பிரேக்கில் பட்டும் படாமலும் கால். குறுகிய இடத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை.

சோப்தாவிலிருந்து துங்கநாத் நடைபாதையில் மூன்றரை கிலோமீட்டர், 3,680 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் கோயில் சாத்தியிருக்கும், துங்கநாதரும் மக்குமட்டுக்கு இறங்கியிருப்பார். பாதை முழங்கால் ஆழப் பனியில் மறைந்திருந்தால் புதியவர்கள் ஏற வேண்டாம். உள்ளூர் வழிகாட்டி உடன் இருந்து, வானமும் தெளிந்திருந்தால் முதல் புல்வெளிவரை போய்த் திரும்புங்கள். சௌகம்பா சிகரம் அங்கிருந்தே கண்நிறையத் தெரியும்.

சாலை திறந்திருந்தால் மண்டல் வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர் இறங்கிக் கோபேஷ்வரில் தங்குங்கள். அங்கே கோபிநாதர் கோயில், முற்றத்தில் பழைய எழுத்துகள் பொறித்த உயரமான சூலம். ருத்ரநாதரின் குளிர்கால இருப்பிடமும் இதுவே. சோப்தாச் சாலை மூடியிருந்தால் மனம் தளர வேண்டாம். ருத்ரபிரயாகைக்குத் திரும்பி, கர்ணபிரயாகை, நந்தபிரயாகை வழியாகக் கோபேஷ்வருக்கு அருகே உள்ள சமோலி போய்விடலாம். புறப்படும் முன் உகிமட்டில் விசாரித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். இணையத்தில் பார்க்கும் வரைபடத்துக்கு நேற்றிரவு விழுந்த பனி தெரியாது.

7. நான்காம், ஐந்தாம் நாள்: ஜோஷிமட், பாண்டுகேஷ்வர்

ஜோஷிமட், இப்போதைய அரசுப் பெயரில் ஜோதிர்மட், சுமார் 1,890 மீட்டர். சங்கரர் நிறுவிய வடதிசை மடம் இங்கே. அவர் தவம் செய்ததாகச் சொல்லும் பழம்பெரும் முசுக்கட்டை மரத்தைக் கல்பவிருட்சம் என்று வழிபடுகிறார்கள். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இதுவே என்பது மரபு. நரசிம்மரின் ஒரு கை நாளுக்கு நாள் மெலிந்துவருகிறது, அது உதிரும் நாளில் பத்ரிநாத் செல்லும் வழி மூடிக்கொள்ளும், பிறகு தரிசனம் பவிஷ்ய பத்ரி என்ற வருங்காலப் பத்ரியில்தான் என்று சொல்கிறார்கள்.

2023 ஜனவரியில் இந்த ஊரில் நிலம் தாழ்ந்து நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விட்டது. சுவரில் சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கட்டடங்களைப் பார்த்தால் படம் எடுக்காதீர்கள், அவை குடும்பங்கள் விட்டுப்போன வீடுகள். ஊரில் தங்கி, சாப்பிட்டு, பொருள் வாங்குங்கள். வருமானம் அவர்களுக்கு இப்போது மிகவும் தேவை.

மறுநாள் விஷ்ணுபிரயாகைக்கு இறங்கி, பத்ரிநாத் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் பாண்டுகேஷ்வர். பாண்டு தவம் செய்த இடம் என்பது ஐதிகம். அருகருகே இரண்டு பழைய கல் கோயில்கள், ஒன்று யோகத்யான பத்ரி. இங்கேயே திரும்பிவிடுங்கள். மேலே பத்ரிநாத்தில், மாணா கிராமத்துப் பெண்கள் நெய்து, நெய்யில் நனைத்த கம்பளத்தைப் போர்த்திக்கொண்டு பெருமாள் இருக்கிறார். குளிர்காலத்தில் அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

8. ஆறாம் நாள்: ஔலி

ஜோஷிமட்டிலிருந்து சாலையில் சுமார் 15 கிலோமீட்டர். கயிற்றுவடப் பாதை நிலத்தாழ்வுக்குப் பிறகு 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது, அதை நம்பித் திட்டமிடாதீர்கள். பனிச்சறுக்குச் சரிவுகள் 2,500 முதல் 3,050 மீட்டர் வரை. எதிரே நந்தாதேவி, 7,816 மீட்டர். மலைமக்களுக்கு அது சிகரம் மட்டுமல்ல, அவர்களுடைய அம்மன்.

தலைவலி, குமட்டல், தூக்கமின்மை சேர்ந்து வந்தால் மாத்திரை போட்டுச் சமாளிக்க வேண்டாம், அன்றே ஜோஷிமட்டுக்கு இறங்குங்கள். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட வேண்டும்.

9. குளிர் இரவுகளுக்கான விதிகள்

மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். விடுதிக்காரர் அன்போடு கொண்டுவந்து வைத்தாலும், படுக்கும் முன் வெளியே எடுக்கச் சொல்லுங்கள். பனியில் சிக்கிய வண்டியில் சூடு வேண்டி எஞ்சினை ஓடவிட்டால் முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்ற வேண்டும், காரணம் அதேதான்.

இரவில் வண்டியை நிறுத்தும்போது கைபிரேக் போட்டால் உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். வைப்பரைத் தூக்கிவிடுங்கள். காலையில் கண்ணாடிமேல் வெந்நீர் ஊற்றினால் கண்ணாடி வெடிக்கும்.

உடைக்குப் பெரிய ரகசியம் இல்லை. உடலோடு ஒட்டிய தெர்மல், நடுவில் கம்பளி, மேலே காற்று புகாத கோட். பருத்தி ஈரத்தை விடாது, அதனால் உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். சாப்பாட்டுக்கு வழிக்கடைகளில் கேழ்வரகு ரொட்டியும் குதிரைவாலிப் பாயசமும் கேட்டு வாங்குங்கள், கர்வாலின் சொந்த உணவு அவை.

10. திரும்புதல்

ஏழாம் நாள் ஜோஷிமட்டிலிருந்து நந்தபிரயாகை, கர்ணபிரயாகை வழியாக ஸ்ரீநகர், எட்டாம் நாள் ரிஷிகேஷ். ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைப் பத்தாம் நாளுக்கு எடுங்கள். ஒன்பதாம் நாள்தான் அந்தக் கையிருப்பு. மேலே சாலை மூடினால் அது அங்கே செலவாகிவிடும். மூடவில்லையென்றால், ரிஷிகேஷுக்குச் சுமார் 25 கிலோமீட்டர் முன்பே கங்கைக் கரையில் வசிஷ்ட குகை இருக்கிறது. உள்ளே போய் உட்கார்ந்து தியானம் செய்ய ஒரு முழுக் காலை நேரத்தை அதற்குக் கொடுங்கள்.